ஃபில்டர் போட்டதும் சிக்னல் கெட்டுப்போனால்: அறிகுறி வாரியாக ஒரு வழிகாட்டி

ஃபில்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று சொல்லி என்னிடம் வரும் கோப்புகளில், உண்மையிலேயே ஃபில்டரில் கோளாறு இருப்பது அபூர்வம். சாம்பிளிங் வீதத்தை, அதாவது நொடிக்கு எத்தனை அளவீடு என்பதை, தப்பாகக் கொடுத்திருப்பார்கள். வரிசையும் நெடுவரிசையும் இடம் மாறியிருக்கும். உடலில் ஒட்டும் எலக்ட்ரோடு கழன்றிருக்கும். அதே ஏழெட்டுப் பிழைகள் ஆள் மாற்றி ஆள் வந்துகொண்டே இருப்பதால், ஒருமுறை எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

ஏற்கெனவே பதிவாகிக் கோப்பில் இருக்கும் ஈசிஜி (இதயம்), ஈஈஜி (மூளை), ஈஎம்ஜி (தசை), பிபிஜி (ஒளியால் அளக்கும் நாடி) சிக்னல்களுக்கு மட்டும்தான் இது. நோயாளியின் பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கும் கருவிக்கு இதைப் பயன்படுத்த வேண்டாம். பைத்தானின் சைபை நூலகத்தை மனதில் வைத்து எழுதுகிறேன். மேட்லேப் ஆட்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும், மாறும் இடத்தில் சொல்கிறேன்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் இந்த மூன்று

மூலக் கோப்பை அப்படியே ஒரு பிரதி எடுத்து ஒதுக்கி வையுங்கள். வடிகட்டியதை அதன் மேலேயே சேமித்துவிட்டு வருகிறவர்களுக்கு என்னால் எதுவும் செய்ய முடிவதில்லை.

அடுத்து, சாம்பிளிங் வீதத்தைக் கணக்குப் போட்டே உறுதி செய்யுங்கள். கோப்பில் உள்ள சாம்பிள்களின் எண்ணிக்கையைப் பதிவு ஓடிய நொடிகளால் வகுத்தால் போதும். எம்ஐடி-பிஐஎச் இதயத் துடிப்புத் தொகுப்பில் ஒரு பதிவில் 6,50,000 சாம்பிள்கள் இருக்கும். நேரம் 30 நிமிடத்துக்குச் சற்று மேல், அதாவது 1805.6 நொடி. வகுத்தால் 360 வரும். உங்கள் நிரலில் 250 என்று எழுதியிருந்தால் மேற்கொண்டு படிக்க வேண்டாம், அதைத் திருத்திவிட்டு ஓட்டிப் பாருங்கள்.

மூன்றாவது சோதனையைத்தான் நான் மற்ற எல்லாவற்றையும் விட நம்புகிறேன். மூலத்திலிருந்து வடிகட்டியதைக் கழித்து, மிச்சத்தை வரைந்து பாருங்கள். ஃபில்டர் வெளியே தள்ளியது என்ன என்பது அதில் தெரியும். மிச்சத்தில் இரைச்சல் மட்டும் இருந்தால் நிம்மதி. துடிப்புக்குத் துடிப்பு ஒரு கூர்முனை தெரிந்தால், நீங்கள் சிக்னலையே தின்றுகொண்டிருக்கிறீர்கள். வடிகட்டிய அலை எவ்வளவு அழகாக இருக்கிறது என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். கெட்டுப்போன அலைதான் பல நேரம் பார்க்க அழகாக இருக்கும். ஒன்று மட்டும் கவனம்: ஃபில்டர் தாமதம் ஏற்படுத்துவதாக இருந்தால், அந்தத் தாமதத்தைச் சரிக்கட்டிய பிறகே கழிக்க வேண்டும். இல்லாவிட்டால் மிச்சத்தில் எல்லாமே கூர்முனையாகத்தான் தெரியும்.

## நாட்ச் போட்டும் மின்கம்பி இரைச்சல் போகவில்லை

நாட்ச் என்பது ஒரே ஓர் அதிர்வெண்ணைக் குறிவைத்து வெட்டும் ஃபில்டர். அடிக்கடி வருவது இதுதான், காரணங்களும் இதற்குத்தான் அதிகம். முதலில் மூலத்தின் ஸ்பெக்ட்ரத்தை (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு வலு என்ற படத்தை) வரையுங்கள். கூர்மையான உச்சம் எந்த அதிர்வெண்ணில் நிற்கிறது என்பதைப் பொறுத்து வழி பிரிகிறது.

மூலத்தில் உச்சம் மின்சாரத்தின் அதிர்வெண்ணான 50 அல்லது 60 ஹெர்ட்ஸில் இருக்கிறது, வடிகட்டியதிலும் அப்படியே இருக்கிறது. நாட்ச் வேறெங்கோ விழுந்திருக்கிறது. எம்ஐடி-பிஐஎச் கோப்பு ஒன்றில் 60 ஹெர்ட்ஸ் நாட்ச் போட்டேன், வீதத்தை 250 என்று கொடுத்துத் தொலைத்தேன். உண்மை வீதம் 360 என்பதால் நாட்ச் போய் விழுந்த இடம் 86.4 ஹெர்ட்ஸ். ஒரு மாலை முழுக்க ஃபில்டரின் ஆர்டரை (படியை, அதாவது வெட்டு எவ்வளவு செங்குத்து என்பதைத் தீர்மானிக்கும் எண்ணை) ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தேன். வீதம் சரி என்றால், பதிவு எங்கே எடுக்கப்பட்டது என்று பாருங்கள். இணையத்தில் கிடைக்கும் தொகுப்புகளில் 50 ஹெர்ட்ஸ் நாடுகளின் பதிவுகளும் உண்டு, 60 ஹெர்ட்ஸ் நாடுகளின் பதிவுகளும் உண்டு. முந்தின வேலையில் எழுதிய நிரலை அப்படியே எடுத்து ஒட்டும்போது இது நடக்கும்.

50 போய்விட்டது, ஆனால் 100, 150-இல் உச்சங்கள் நிற்கின்றன. அவை ஹார்மோனிக்குகள், அதாவது 50-இன் மடங்குகள். ஈசிஜியை 40 ஹெர்ட்ஸோடு வெட்டப்போகிறீர்கள் என்றால் கவலையில்லை, லோ-பாஸ் (உயர்ந்த அதிர்வெண்களை வெட்டும் ஃபில்டர்) பார்த்துக்கொள்ளும். ஈஎம்ஜியில் அப்படி விட முடியாது. அதன் பயனுள்ள பட்டை ஏறக்குறைய 20 முதல் 450 ஹெர்ட்ஸ் வரை என்பதால் ஒவ்வொரு ஹார்மோனிக்குக்கும் தனி நாட்ச் வேண்டும்.

உச்சம் சம்பந்தமில்லாத இடத்தில் இருக்கிறது. 25 ஹெர்ட்ஸில், 5 ஹெர்ட்ஸில், 30 ஹெர்ட்ஸில் ஊசி மாதிரி ஒன்று நின்றால் ஏலியாசிங்கைச் சந்தேகியுங்கள்: சாம்பிளிங் வீதத்தில் பாதிக்கு மேலுள்ள அதிர்வெண் மடிந்து தாழ்ந்த ஒன்றாகத் தோன்றுவது. 500 ஹெர்ட்ஸ் பதிவில் நான்கு சாம்பிளுக்கு ஒன்றை மட்டும் எடுத்து 125 ஆக்கியிருப்பார்கள், அதற்கு முன் லோ-பாஸ் போட்டிருக்க மாட்டார்கள். 125 ஹெர்ட்ஸ் வீதத்தில் 100 ஹெர்ட்ஸும் 150 ஹெர்ட்ஸும் மடிந்து ஒரே இடத்தில், 25-இல் வந்து உட்காரும். 60 ஹெர்ட்ஸ் நாடென்றால் நிலைமை இன்னும் மோசம்: 120 மடிந்து 5 ஹெர்ட்ஸில் விழும், அது ஈசிஜியின் நடுமார்பு. மடிந்த பிறகு பிரித்தெடுக்க நம்பகமான வழி எதுவும் இல்லை. மூலத்துக்குத் திரும்பிப் போய் சைபையின் டெசிமேட் மாதிரி, முதலில் வடிகட்டிவிட்டுப் பிறகு குறைக்கும் கருவியைப் பயன்படுத்துங்கள்.

அந்த 30 ஹெர்ட்ஸ் சும்மா சொன்னதல்ல. எம்ஐடி-பிஐஎச் தொகுப்பில் அது உண்மையாகவே உண்டு, ஆனால் அங்கே காரணம் ஏலியாசிங் அல்ல. நோயாளி அணிந்திருந்த பதிவுக் கருவி பேட்டரியில் ஓடியது. 60 ஹெர்ட்ஸ் இரைச்சல் பெரும்பாலும் பிறகு நாடாவை ஓட்டி டிஜிட்டலாக்கும்போது நுழைந்தது. சில நாடாக்களை இரு மடங்கு வேகத்தில் ஓட்டியதால், அந்தப் பதிவுகளில் இரைச்சல் 30-இலும் அதன் மடங்குகளிலும் தெரிகிறது. தொகுப்போடு வரும் விளக்கக் குறிப்பைப் படிக்காமல் ஃபில்டர் எழுதினால் இப்படித்தான் முழி பிதுங்கும்.

உச்சம் ஊசியாக இல்லாமல் சற்றுத் தடித்து இருக்கிறது. மின்கட்டத்தின் அதிர்வெண் துல்லியமாக 50-இல் நிற்பதில்லை, லேசாக ஏறி இறங்கும். க்யூ மதிப்பு, அதாவது நாட்ச் எவ்வளவு குறுகல் என்பதைச் சொல்லும் எண், 100 என்று கொடுத்தால் நாட்சின் அகலம் அரை ஹெர்ட்ஸ்தான். இரைச்சல் அதிலிருந்து நழுவிவிடும். 30-க்குக் குறையுங்கள், அகலம் 1.67 ஹெர்ட்ஸ் ஆகும். அதற்கும் கீழே போவதற்கு முன் அடுத்த அறிகுறியைப் படித்துவிடுங்கள்.

இரைச்சல் சிக்னலை விடப் பெரியதாக இருக்கிறது. இனி நிரலில் தேடிப் பயனில்லை, எலக்ட்ரோடைத் தேடுங்கள். எல்லாச் சேனலிலும் ஒரே அளவு இரைச்சல் என்றால் பொதுவான ஒன்று கழன்றிருக்கிறது: ஈசிஜியில் வலது கால், ஈஈஜியில் ரெஃபரன்ஸ் அல்லது கிரவுண்டு. ஒரே சேனலில் என்றால் அந்த எலக்ட்ரோடு. ஈசிஜி லீடுகளை (இரண்டு எலக்ட்ரோடுகளுக்கு இடையிலான அளவீடுகளை) வைத்து இதைவிட நெருக்கமாகவும் கண்டுபிடிக்கலாம். முதல் லீடிலும் இரண்டாவது லீடிலும் இரைச்சல், மூன்றாவது சுத்தம் என்றால் குற்றவாளி வலது கை எலக்ட்ரோடு. மூன்றாவது லீடு இடது கால், இடது கை இரண்டையும் மட்டும் வைத்துக் கணக்கிடப்படுவது, வலது கைக்கு அதில் வேலையில்லை. முதலும் மூன்றும் கெட்டு இரண்டாவது சுத்தம் என்றால் இடது கை. இரண்டும் மூன்றும் என்றால் இடது கால்.

அலையின் உச்சி கத்தரித்தது போலத் தட்டையாக இருக்கிறதா என்றும் பெரிதாக்கிப் பாருங்கள். இருந்தால் பெருக்கி நிரம்பி வழிந்துவிட்டது. ஃபில்டர் அந்தத் தட்டையை மழுக்கி நல்ல அலை போலக் காட்டும். போன தகவல் போனதுதான். அந்தப் பகுதியைத் தள்ளுங்கள், முடிந்தால் மறுபடி பதிவெடுங்கள்.

## நாட்ச் போட்ட பிறகு கூர்முனைக்கு அடுத்து சின்ன அலைகள் முளைக்கின்றன

ஈசிஜியில் துடிப்பின் கூர்முனையான க்யூஆர்எஸ்-க்குப் பின்னால் மணி அடித்து ஓய்வது போல நுண்ணலைகள். இரைச்சல் மிச்சமிருக்கிறது என்று நினைத்து இன்னொரு நாட்சை மேலே போடுவார்கள். கூடாது. அந்த அலைகளை உண்டாக்குவதே நாட்ச்தான்.

நாட்ச் எவ்வளவு குறுகலோ அவ்வளவு நேரம் அதிரும். 50 ஹெர்ட்ஸ், க்யூ 30 என்றால் அதிர்வு மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஓய 0.2 நொடி ஆகும். க்யூஆர்எஸ்-ஐ அடுத்து வரும் எஸ்டி பகுதி முழுக்க அதற்குள் அடங்கிவிடும். முன்னும் பின்னுமாக இருமுறை (இருவழியில்) ஓட்டினால் க்யூஆர்எஸ்-க்கு முன்னாலும் அதிர்வு வந்து அங்கே உள்ள பி அலையின் மேல் ஏறும். இல்லாத ஒன்றைப் பார்த்து யாராவது கட்டுரை எழுதிவிடுகிற அளவுக்கு அது இயல்பாகத் தெரியும்.

சந்தேகம் தீர எளிய சோதனை உண்டு. முழுக்க பூஜ்யங்கள், நடுவில் ஒரே ஒரு சாம்பிள் மட்டும் 1. இதை உங்கள் ஃபில்டரில் விட்டு வெளியே வருவதை வரையுங்கள். எவ்வளவு நேரம் அதிர்கிறது, எந்தப் பக்கம் அதிர்கிறது, உச்சம் எவ்வளவு தள்ளிப்போகிறது எல்லாம் ஒரே படத்தில் தெரிந்துவிடும். எந்தப் புது ஃபில்டரானாலும் இதைச் செய்த பிறகே நான் நிஜப் பதிவில் கைவைக்கிறேன்.

தீர்வு: முதலில் நாட்ச் தேவையா என்று கேளுங்கள். வெறும் துடிப்பு எண்ணிக்கைதான் வேண்டும் என்றால் 40-க்குக் கீழே லோ-பாஸ் போதும். தேவைதான் என்றால் க்யூவைக் குறைத்துப் பாருங்கள். அதிர்வு சீக்கிரம் ஓயும், ஆனால் தொடக்கத்தில் பெரிதாக இருக்கும், பக்கத்து அதிர்வெண்களும் கொஞ்சம் போகும். இரண்டுமே ஒத்துவரவில்லை என்றால், 50 ஹெர்ட்ஸ் சைன் அலை ஒன்றை இரைச்சலோடு பொருத்தி அதைக் கழிக்கும் முறைக்குப் போகலாம். பொருத்துவதற்குச் சில நொடி நீளச் சாளரம் எடுங்கள். சாளரம் நீளமாக இருந்தால் க்யூஆர்எஸ் அந்தப் பொருத்தத்தை அதிகம் அசைக்காது.

## பதிவின் தொடக்கத்தில் பெரிய மலை, பிறகு மெல்லச் சரிகிறது

எலக்ட்ரோடுக்கும் தோலுக்கும் இடையே நிலையான மின்னழுத்தம் ஒன்று எப்போதும் இருக்கும். ஈசிஜி சுமார் 1 மில்லிவோல்ட் என்றால் இது நூற்றுக்கணக்கான மில்லிவோல்ட் வரை போகலாம். ஃபில்டர் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. முதல் சாம்பிளைப் பார்த்ததும் திடீர்த் தாவல் என்று எடுத்துக்கொள்கிறது. எம்ஐடி-பிஐஎச் எண்களை அலகு மாற்றாமல் படித்தாலும் இதேதான் நடக்கும், அங்கே அடிக்கோடே 1024-இல் இருக்கிறது.

எளிதிலிருந்து தொடங்குங்கள். முழுப் பதிவின் இடைநிலை மதிப்பைக் கழித்துவிட்டு வடிகட்டுங்கள். பெரும்பாலும் இதோடு தீரும். போதவில்லை என்றால் ஃபில்டரின் தொடக்க நிலையை முதல் சாம்பிளுக்கு ஏற்பக் கொடுங்கள், சைபையில் அதற்கென்றே துணைச் சார்பு இருக்கிறது. இருபுறமும் ஓட்டும் ஃபில்ட்ஃபில்ட் வகைச் சார்புகள் இதைத் தாமாகவே செய்துகொள்ளும். ஆனால் அவை ஓரத்தில் சேர்க்கும் நீட்டிப்பு சில பத்து சாம்பிள்தான். 500 ஹெர்ட்ஸ் வீதத்தில் அது நொடியில் ஒரு சிறு துண்டு. 0.5 ஹெர்ட்ஸ் ஹை-பாஸ் (தாழ்ந்த அதிர்வெண்களை வெட்டும் ஃபில்டர்) அடங்கவோ ஓரிரு நொடி வேண்டும். நீட்டிப்பை நீங்களே பல நொடிக்குக் கூட்டிக் கொடுங்கள்.

0.05 ஹெர்ட்ஸ் ஹை-பாஸ் என்றால் காலமாறிலி (மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஓயும் நேரம்) 3.2 நொடி. அது ஓய 15 நொடிக்கு மேல் ஆகும். 10 நொடிப் பதிவுக்கு இதைப் போட்டால் ஓரம் எங்கே முடிகிறது, நடு எங்கே தொடங்குகிறது என்று கேட்கவே முடியாது. இருபுறமும் கூடுதலாகப் பதிவெடுத்து, வடிகட்டிய பிறகு வெட்டி எறிவதே நேர்வழி.

## வெளியீடு முழுக்க நேன், அல்லது எண்கள் வெடித்துப் பெருகுகின்றன

இரண்டும் பார்வைக்கு ஒன்று போல இருந்தாலும் காரணம் வேறு.

நேன் (எண் அல்ல என்ற குறி) வந்தால் மூலத்தில் எங்கோ ஒரு வெற்றிடம் இருக்கிறது. ஒரே ஒரு நேன் போதும்: தன் பழைய வெளியீட்டையும் கணக்கில் சேர்க்கும் ஒருவழி ஐஐஆர் ஃபில்டரில் அதற்குப் பிந்தையது எல்லாம் நேன் ஆகும், இருவழியில் ஓட்டினால் முன்னாலும் எல்லாம் போய்விடும். எண்ணிப் பாருங்கள். இரண்டு மூன்று சாம்பிள் என்றால் நேர்கோட்டில் இட்டு நிரப்பலாம். நொடிக்கணக்கில் என்றால் நிரப்பாதீர்கள். பதிவைத் துண்டுகளாகப் பிரித்துத் தனித்தனியே வடிகட்டுங்கள்.

வெடித்துப் பெருகினால் ஃபில்டரே நிலையற்றது. 1000 ஹெர்ட்ஸ் வீதத்தில் 0.05 ஹெர்ட்ஸ் மாதிரியான தாழ்ந்த வெட்டு அதிர்வெண்ணை வைத்துக்கொண்டு ஆர்டர் 5, 6 என்று ஏற்றினால், பி, ஏ என்ற இரண்டு குணகப் பட்டியல்களின் தசம இடங்கள் பற்றாமல் போகும். அதே ஃபில்டரை இரண்டாம் படித் துண்டுகளாக, எஸ்ஓஎஸ் வடிவில் கேட்டு வாங்குங்கள். நான் இப்போதெல்லாம் வேறு வடிவில் கேட்பதே இல்லை. இன்னொன்று: ஒரு பட்டையை மட்டும் விடும் பேண்ட்-பாஸுக்கு ஆர்டர் 4 என்று கொடுத்தால் கையில் வருவது எட்டாம் படி. ஆர்டரைக் கூட்டினால் வேலை சுத்தமாகும் என்ற நம்பிக்கையை விட்டுவிடுங்கள்; 2 போதுமான இடங்களே அதிகம்.

## எதுவுமே மாறவில்லை, அல்லது சேனல்கள் ஒன்றோடொன்று கலந்துவிட்டன

காரணம் ஆக்ஸிஸ், அதாவது அச்சு. சைபை கடைசி அச்சின் வழியே வடிகட்டும். உங்கள் தரவு சாம்பிள்கள் வரிசையாகவும் சேனல்கள் நெடுவரிசையாகவும் இருந்தால், நேரத்தின் வழியே போகாமல் சேனலுக்குச் சேனல் தாவி வடிகட்டியிருக்கும். மேட்லேப் நெடுவரிசை வழியே போகும் என்பதால், அங்கிருந்து நிரலை மாற்றி எழுதியவர்கள் தவறாமல் இதில் விழுகிறார்கள். சேனல்கள் குறைவாக இருந்தால் உள்ளீடு போதிய நீளமில்லை என்று பிழைச் செய்தி வந்து காப்பாற்றும். 64 சேனல் ஈஈஜியில் அந்த அதிர்ஷ்டம் கிடையாது, சத்தமில்லாமல் கெடுத்துவிடும்.

இதோடு சேர்த்து எண் வகையையும் பாருங்கள். 16 பிட் முழு எண்ணாகவே வைத்துக்கொண்டு வர்க்கம் எடுத்தால் நிரம்பி வழியும். ஒரு மில்லிவோல்ட்டுக்கு 200 அலகு என்று இருக்கும் பதிவில் 200-இன் வர்க்கம் 40,000; 16 பிட்டில் 32,767-க்கு மேல் இடமில்லை, ஆகவே விடை −25,536 என்று வரும். துடிப்பு கண்டறியும் நிரலில் உயர்ந்த உச்சங்கள் மட்டும் காணாமல் போகிறதா? இதுதான். படித்தவுடனேயே தசம எண்ணாக மாற்றிவிடுங்கள்.

## அடிக்கோடு நேராகிவிட்டது, ஆனால் எஸ்டி பகுதி கீழே இறங்கிவிட்டது

இந்த ஒன்றில் மட்டும் கொஞ்சம் பயத்தோடு இருங்கள். மூச்சினாலும் அசைவினாலும் அலையும் அடிக்கோட்டைச் சரிசெய்ய 0.5 ஹெர்ட்ஸ் ஹை-பாஸ் போடுவது வழக்கம். கண்காணிப்புத் திரைக்கு அது சரி. ஒருவழியாக ஓடும் சாதாரண ஃபில்டரில் அது க்யூஆர்எஸ்-க்குப் பின்னால் எதிர்த்திசையில் ஒரு சரிவை உண்டாக்கும். அது எஸ்டி இறக்கம் போலவோ ஏற்றம் போலவோ தெரியலாம். மாரடைப்பைப் பற்றி மருத்துவர் முடிவு செய்வது அந்த மில்லிமீட்டர்களை வைத்துத்தான்.

அமெரிக்க இதயச் சங்கமும் கூட்டமைப்புகளும் 2007-இல் வெளியிட்ட பரிந்துரை இதை நேராகவே சொல்கிறது: வழக்கமான ஃபில்டருக்குக் கீழ் எல்லை 0.05 ஹெர்ட்ஸ், கட்டப் பிறழ்வே (அதிர்வெண்ணுக்கு அதிர்வெண் தாமதம் மாறுவதே) இல்லாத நேரியல் டிஜிட்டல் ஃபில்டராக இருந்தால் 0.67 வரை தளர்த்தலாம். 0.67 என்பது நிமிடத்துக்கு 40 துடிப்பு. அதைவிட மெதுவாகத் துடிக்கும் இதயத்தின் பதிவென்றால் அந்தத் தளர்வும் செல்லாது.

சோதனை இப்படி: ஒரே துடிப்பை மூலம், 0.05 ஒருவழி, 0.5 ஒருவழி, 0.5 இருவழி என நான்காக ஒன்றின் மேல் ஒன்று வரையுங்கள். 0.5 ஒருவழி மட்டும் விலகிப் போனால் இருவழிக்கு மாறுங்கள். இருவழியிலும் விலகல் இருந்தால் ஹை-பாஸை விட்டுவிட்டு, ஒவ்வொரு துடிப்பிலும் பி அலைக்கும் க்யூஆர்எஸ்-க்கும் இடைப்பட்ட தட்டையான புள்ளியை எடுத்து, அவற்றின் வழியே மென்மையான வளைவு ஒன்றைப் போட்டுக் கழியுங்கள். துடிப்பைக் கண்டறிவது சரியாக இருந்தால்தான் இது வேலைக்கு ஆகும்.

வடிகட்டிய பிறகு கிடைத்த எஸ்டி மாற்றத்தை நீங்களாகவே நோய் என்றும் சொல்லாதீர்கள், நோயில்லை என்றும் சொல்லாதீர்கள். மூலத்தையும் ஃபில்டர் அமைப்பையும் சேர்த்து இதய மருத்துவரிடம் கொடுங்கள்.

## உச்சங்கள் நேரம் தள்ளி வருகின்றன

எஃப்ஐஆர் (உள்ளீட்டை மட்டும் வைத்துக் கணக்கிடும் ஃபில்டர், குணகங்கள் சமச்சீராக இருப்பது) என்றால் தாமதம் எல்லா அதிர்வெண்ணுக்கும் ஒன்றுதான்: குணகங்களின் எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்து இரண்டால் வகுத்தது. 500 ஹெர்ட்ஸ் வீதத்தில் அரை ஹெர்ட்ஸ் கூர்மை கேட்டால் ஹாமிங் சாளரத்தோடு சுமார் 3301 குணகம் ஆகும். தாமதம் 1650 சாம்பிள், 3.3 நொடி. அவ்வளவையும் முன்னால் நகர்த்திவிட்டால் சரி. ஐஐஆர் என்றால் தாமதம் அதிர்வெண்ணுக்கு அதிர்வெண் மாறுபடும், நகர்த்திச் சரிசெய்ய முடியாது, இருவழியில் ஓட்டுங்கள்.

இருவழியில் ஓட்டும்போது யாரும் கவனிக்காத ஒன்று: வெட்டு அதிர்வெண்ணில் 3 டெசிபெல்லாக இருந்த இழப்பு 6 ஆகிவிடும். பட்டர்வொர்த் என்ற ஃபில்டர் வகையில் இரண்டாம் படிக்கு, லோ-பாஸ் என்றால் வேண்டிய வெட்டை 0.802-ஆல் வகுத்துக் கொடுங்கள், ஹை-பாஸ் என்றால் பெருக்குங்கள்.

## ஆர் உச்சம் குட்டையாகிவிட்டது

ஆர் உச்சம் என்பது க்யூஆர்எஸ்-இன் உயர்ந்த முனை. அது குட்டையானால் லோ-பாஸ் தாழ்ந்துவிட்டது. 40 ஹெர்ட்ஸ் துடிப்பை எண்ணப் போதும், உயரத்தை அளக்கப் போதாது. உயரமோ வடிவமோ வேண்டும் என்றால் பெரியவர்களுக்கு 150, குழந்தைகளுக்கு 250 வரை விட வேண்டும். அதற்கேற்ற சாம்பிளிங் வீதமும் வேண்டும். பேஸ்மேக்கர் துடிப்பைத் தேடுகிறீர்கள் என்றால் அது ஒன்றிரண்டு மில்லிநொடிக்குள் முடிந்துவிடும் சங்கதி, சாதாரண பதிவிலேயே சரியாக விழுவதில்லை. ஃபில்டரைக் குறை சொல்லாதீர்கள்.

## ஒழுங்கான இடைவெளியில் சிறு வெட்டுக் குறிகள்

சரியாகப் பத்து நொடிக்கு ஒருமுறை, நிமிடத்துக்கு ஒருமுறை என்று வந்தால், கோப்பைத் துண்டு துண்டாகப் படித்து ஒவ்வொன்றையும் புதிதாக வடிகட்டியிருக்கிறீர்கள். முந்தின துண்டின் இறுதி நிலையை அடுத்த துண்டின் தொடக்க நிலையாகக் கொடுங்கள். இடைவெளி ஒழுங்காக இல்லை என்றால் நேரமுத்திரைகளைப் பாருங்கள். புளூடூத்தில் வந்த பதிவுகளில் சாம்பிள்கள் தொலைந்து, இருபுறமும் ஒட்டப்பட்டிருக்கும்.

## ஈஈஜியில் தூண்டலுக்கு முன்பே ஓர் அலை தெரிகிறது

மூளை எதிர்காலத்தை அறிவதில்லை. 1 ஹெர்ட்ஸ் மாதிரியான உயர்ந்த ஹை-பாஸை இருவழியில் ஓட்டும்போது, பிறகு வரும் மெதுவான பெரிய அலையின் எதிர்நிழல் முன்னால் விழும். 0.1 ஹெர்ட்ஸுக்கு இறக்கிப் பாருங்கள், மறைந்துவிட்டால் அது ஃபில்டரின் வேலைதான். ஐசிஏ-வுக்கு (கலந்த மூலங்களைப் பிரிக்கும் முறைக்கு) 1 ஹெர்ட்ஸ்தான் நல்லது என்பவர்கள் அதற்கு ஒரு தனிப் பிரதி வைத்துக்கொண்டு, அதில் கற்ற எடைகளை 0.1 ஹெர்ட்ஸ் பிரதியில் பயன்படுத்தலாம். நீண்ட பதிவைத் துண்டாக்குவதற்கு முன்பே வடிகட்டுங்கள், பின்பு அல்ல.

## ஈஎம்ஜி உறை பூஜ்யத்துக்கு வரவே இல்லை. பிபிஜியில் ஆக்சிஜன் அளவு அபத்தம்

இரண்டுமே படிகளைச் செய்யும் வரிசையில் வந்த பிழை. உறை என்பது தசைச் சிக்னலின் வலு ஏறி இறங்குவதைக் காட்டும் கோடு. ஈஎம்ஜியில் முதலில் 20 ஹெர்ட்ஸ் ஹை-பாஸ், பிறகு எதிர்மறை எண்களை நேர்மறையாகத் திருப்புதல், அதற்குப் பிறகு 6 ஹெர்ட்ஸ் அளவில் லோ-பாஸ். நிலையான மின்னழுத்தத்தை நீக்காமல் திருப்பினால் உறை மேலேயே மிதக்கும். திருப்பிய பிறகு ஹை-பாஸ் போட்டால் உறையே போய்விடும்.

பிபிஜியில் ஆக்சிஜன் கணக்குக்குத் துடிக்கும் பகுதியை நிலையான பகுதியால் வகுக்க வேண்டும். பேண்ட்-பாஸ் போட்டதும் நிலையான பகுதி பூஜ்யமாகிவிடுகிறது. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் உள்ள எண்ணால் வகுத்தால் என்ன வரும் என்று உங்களுக்கே தெரியும். நிலையான பகுதியை மூலத்திலிருந்து எடுங்கள்.

## எப்போது கையை எடுத்துவிட வேண்டும்

தசை நடுக்கமும் அசைவும் சிக்னலின் பட்டைக்குள்ளேயே இருந்தால், எந்த வெட்டு அதிர்வெண்ணும் அதைப் பிரிக்காது. இரண்டு மணி நேரம் எண்களை மாற்றிப் பார்த்தும் மிச்சத்தில் க்யூஆர்எஸ் தெரிகிறது என்றால் நிறுத்துங்கள். தகவமைப்பு ஃபில்டர், மூலப் பிரிப்பு போன்றவற்றுக்குச் சிக்னல் செயலாக்கம் தெரிந்த ஒருவரோடு உட்கார வேண்டும். போகும்போது மூலக் கோப்பு, சாம்பிளிங் வீதம், அலகு, அந்த ஒற்றை 1-ஐ விட்டு வரைந்த படம் நான்கையும் எடுத்துப் போங்கள். அவர் முதலில் கேட்பது இவற்றைத்தான்.

ஒரே கருவியிலிருந்து வரும் எல்லாப் பதிவுகளிலும் இரைச்சல் பெரிதாக இருந்தால், எலக்ட்ரோடு, ஜெல், கம்பி மாற்றிப் பார்த்தும் தீராவிட்டால், மருத்துவக் கருவிப் பொறியாளரை அழையுங்கள். மின்கசிவாகவும் இருக்கலாம். அந்த நிலையில் யார் மேலும் அந்தக் கருவியைப் பொருத்தாதீர்கள். இரைச்சல் குறைகிறது என்பதற்காக எர்த் கம்பியைக் கழற்றுவது, கருவியைத் திறந்து பார்ப்பது இரண்டும் கூடவே கூடாது.

மறுபடி பதிவெடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: ஆள் இன்னும் அறையில் இருந்தால் எடுத்துவிடுங்கள். தோலைத் துடைத்து எலக்ட்ரோடை மாற்றி ஒட்டுவதற்குப் பத்து நிமிடம். நான் அவரை அனுப்பிவிட்டு மூன்று நாள் ஃபில்டர் எழுதியிருக்கிறேன்.